பழுது பார்க்கப்படுகிறது, தொடாதீர்கள்

அன்பு மகள் சுட்டிக்கு, உன் அப்பா முறைப்படி எழுதிக்கொள்ளும் புகார்.

இங்கே நான் நலம், உன் அம்மா என்னைவிட நலம், நீ விட்டுவிட்டுப் போன கணினி மட்டும் நலமில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். லிஃப்ட் மெக்கானிக்காகவே தலை நரைத்தவன் நான். வாயால் சொன்ன புகாருக்கு ஆள் வந்ததாக எங்கள் தொழிலில் சரித்திரமே கிடையாது. எழுத்தில் கொடுத்துவிட்டால் எத்தனையாவது மாடியாக இருந்தாலும் ஆள் நேரில் வந்துதான் ஆக வேண்டும். அந்த விதி உன் தொழிலுக்கும் இருக்கும் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

நம் வீட்டு போன் பேச்சு எப்படி நடக்கும் என்று உனக்கே தெரியும். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சும்மா." "உடம்பு எப்படி இருக்கு?" "அது பாட்டுக்கு இருக்கு." "சரிப்பா, மீட்டிங் இருக்கு, வெச்சிடட்டுமா?" அதோடு முடிந்துவிடும். எனக்கோ வாரம் முழுக்க உன்னிடம் சொல்லச் சேர்த்து வைத்தது எல்லாம் அப்படியே மிஞ்சிவிடும். அதனால்தான் ஒரு நாள், நீ வைப்பதற்குள் அவசரமாக, "அப்படி என்னம்மா வேலை பார்க்கறே?" என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "க்ரூவின்னு ஒரு கம்ப்யூட்டர் மொழிப்பா. ஜாவா விர்ச்சுவல் மெஷின் மேல ஓடும். சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா." அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. மெஷின் என்று நீயே சொல்கிறாய், அது மேலே ஓடுகிறது என்றும் சொல்கிறாய், அப்புறம் எனக்குப் புரியாது என்றால் என்ன நியாயம்? மேலே கீழே ஓடுகிற மெஷினைத் தவிர வேறெதையாவது நான் இந்த ஜென்மத்தில் தொட்டிருக்கிறேனா?

உடனே கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய் அந்த மெஷினைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், விர்ச்சுவல்னா அப்படி ஒரு மெஷின் இல்லை. இருக்கிற மாதிரி கம்ப்யூட்டர் நடிக்கும்" என்றார். இல்லாத மெஷினை எந்த ஸ்பேனரால் கழற்றுவது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் அறையைத் திறந்தேன். கணினி மேல் போட்டிருந்த உன் பழைய துப்பட்டாவை மடித்து வைத்தேன், தூசி தட்டினேன், இன்டர்நெட்டிலிருந்து முதலில் ஜாவாவை இறக்கினேன், அது ஏறியது, பிறகு க்ரூவியை இறக்கினேன், அது ஜிப் ஃபைல் என்று மூட்டை கட்டி வந்தது, மூட்டையை அவிழ்த்தேன், ஓடு என்றேன், ஓடவில்லை. மூட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினிக்கு வழி சொல்ல வேண்டுமாம். அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே யாரோ நீளமாக எழுதி வைத்திருந்தார்கள். பழைய ஒயரைப் பிடுங்காமல் புது ஒயரை மாட்டக் கூடாது என்பது எங்கள் பாடம். ஆகவே இருந்ததை எல்லாம் சுத்தமாக அழித்துவிட்டுக் க்ரூவியின் விலாசத்தை மட்டும் எழுதினேன். அதற்கப்புறம் அதுவரை ஒழுங்காக இருந்த கட்டளைகள்கூட என்னை யாரென்றே தெரியாத மாதிரி நடந்துகொண்டன.

அதை உன்னிடம் சொன்ன அன்றைக்குத்தான் நீ போனில் சிரித்தாய். வயிறு வலிக்கச் சிரித்தாய். "அய்யோ அப்பா, எல்லா வழியையும் அடைச்சிட்டீங்களே!" என்று ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத வைத்தாய். நடுவில் யாரோ உன்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். "எங்கப்பாகிட்ட பேசிட்டிருக்கேன், அப்புறம் வரேன்" என்று நீ சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. உன் அம்மாவையும் கூப்பிட்டு, நீ அப்படிச் சொன்னாய் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பிறகு நீதான் எனக்குப் புரிகிற பாஷையில் விளக்கினாய். "அந்த விர்ச்சுவல் மெஷின்தான் மோட்டார், அது ஒண்ணுதாம்பா. ஜாவா ஒரு கூண்டு, க்ரூவி இன்னொரு கூண்டு. எந்தக் கூண்டுல ஏறினாலும் இழுக்கறது அதே மோட்டார்தான்." இத்தனை வருஷம் நான் வாயால் சொல்ல முடியாமல் கையால் செய்துகொண்டிருந்ததை என் மகள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள் என்று அன்று முழுக்க வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

மொழி எனக்குப் பிடித்துத்தான் போயிற்று. ஜாவா வாசலிலேயே நிறுத்தி, நீ எண்ணா எழுத்தா, கையில் என்ன, எதற்கு வந்தாய் என்று கேட்கும். க்ரூவி அப்படி இல்லை. வாங்க, உட்காருங்க என்று உள்ளே விட்டுவிட்டு அப்புறம்தான் விசாரிக்கும். உன் தாய்மாமன் வீடு ஜாவா, நம் வீடு க்ரூவி என்று நான் சொன்னதற்கு உன் அம்மா அன்றைக்கு எனக்குக் காபியே போடவில்லை. க்ரூவியில் ஒரு கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்துப் போடுகிற பழக்கம் இருக்கிறதே, அதையும் படித்தேன். ஆள் இருந்தால் கூப்பிட்டுக் காரியத்தைச் சொல், ஆள் இல்லாவிட்டால் கூச்சல் போடாமல் வெறுங்கையோடு திரும்பி வந்துவிடு என்று அர்த்தம். உனக்கு நான் போன் போடுவதும் அப்படித்தானே? நீ எடுத்தால் பேசுவேன். எடுக்காவிட்டால் வேலையாக இருப்பாள் என்று மெதுவாக வைத்துவிட்டு, உன் அம்மாவிடம் சும்மா மணி பார்த்தேன் என்பேன். அந்தக் குறியைக் கண்டுபிடித்தவனுக்கும் தூரத்தில் ஒரு பிள்ளை இருந்திருக்கும் போல.

இதற்கிடையில் பலகை விவகாரம் ஒன்று. ஓய்வு பெறும்போது நான் கொண்டுவந்த ஒரே சொத்து, 'பழுது பார்க்கப்படுகிறது, தொடாதீர்கள்' என்ற தகரப் பலகை. நான் வேலை செய்யும்போது உன் அம்மா திரையைத் துடைக்கிறேன் என்று எதையாவது தட்டிவிடுகிறாள் என்பதால் அதைக் கணினியில் மாட்டி வைத்தேன். மறுநாள் பார்த்தால் பலகை சமையலறைக் கதவில் தொங்குகிறது. "என்ன இது?" என்றேன். "உங்களுக்கு மட்டும்தான் பழுதா? எனக்கும் இடுப்புல பழுது. இன்னைக்கு அடுப்பு ஓடாது" என்றாள். ரொட்டியும் வாழைப்பழமும் தின்று பலகையை மீட்டேன். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நன்றாக ஓடுகிற லிஃப்டில் பலகையை மாட்டிவிட்டு உள்ளே காலை நீட்டித் தூங்குகிற ஆட்கள் எங்கள் தொழிலில் உண்டு. என் சர்வீஸில் ஒரு தடவைகூட நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை. பலகை தொங்கினால் பழுது நிஜம். அதுதான் என் பேர்.

ஆகவே புகாரின் சாரம் இதுதான். நீ போனில் சொல்லச் சொல்ல நான் சரி செய்கிறேன். "இப்ப ஓடுதாப்பா?" என்கிறாய், ஓடுகிறது என்கிறேன், நீ வைத்துவிடுகிறாய். அடுத்து நீ கூப்பிடும் நாளில் பார்த்தால் மறுபடியும் ஓடவில்லை. ஒரு தடவை ஜாவாவைக் காணோம், ஒரு தடவை வழி தப்பிப் போகிறது, போன தடவை க்ரூவி மூட்டையே மாயமாகிவிட்டது. என்ன மாயமோ எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் இருந்து சொல்லிக்கொடுத்துத் தீர்கிற பழுதாக இது தெரியவில்லை. தொழில் தெரிந்த ஆள் நேரில் வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கை வைத்துப் பார்த்தால்தான் தேறும். உன் நாற்காலியின் ஆடுகிற காலை முடுக்கி வைத்திருக்கிறேன். உன் அறை ஜன்னலுக்கு எண்ணெய் போட்டாயிற்று. லீவு கிடைக்கவில்லை என்றால் உன் மேலாளரிடம் இந்தக் கடிதத்தையே காட்டு. எழுத்தில் வந்த புகாரை அவர் தட்ட முடியாது.

வரும்வரை உடம்பைப் பார்த்துக்கொள். நீ ஏறுகிற லிஃப்ட் எதுவும் நடுவழியில் நிற்காமல் இருக்கட்டும். உன் எழுத்தில் வருகிற பிழை எல்லாம் உன் கண்ணுக்கே முதலில் படட்டும். உன்னைச் சுற்றி இருப்பவர்கள் உன்னிடம் சிரித்த முகமாகப் பேசட்டும்.

பழுதோடு காத்திருக்கும்,
உன் அப்பா

பின்குறிப்பு: கண்ணு, அம்மா எழுதறேன். உறையில போட்டு ஒட்டச் சொல்லிக் குடுத்துட்டு உங்கப்பா குளிக்கப் போயிருக்கார். அந்தக் க்ரூவிக்கு ஒண்ணும் இல்லை. முதல் தடவை நீ சரி பண்ணிக் குடுத்ததிலிருந்து ஜோரா ஓடிட்டிருக்கு. நீ போன் பண்ற நாள் காலையில அவரே உக்காந்து ஒவ்வொண்ணா கழட்டி வெக்கிறார். நீ பேசி முடிச்சதும் திரும்ப மாட்டி, என்னமோ தட்டி, திரையில உன் பேரை வரவெச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கார். ஓடற லிஃப்டுல பலகை மாட்டாத மனுஷன் இப்ப மாட்டியிருக்கார். நான் எதுவும் கேட்டுக்கலை. நீயும் கேட்டுக்காதே. வந்து பழுது பார்த்துட்டுப் போ.

அப்புறம் ஒண்ணு. எனக்கு இங்க எல்லாமே நல்லா ஓடுது. அதனாலதான் என்கிட்ட நீ "சாப்பிட்டியாம்மா"வோட வெச்சிடறே. எனக்கும் ஏதாவது ஒரு பழுது சொல்லிக் குடேன்.