செந்நாவரின் போர்க்காலப் பேருரைகள்

நீலவரை நாட்டுக்கு ஒரு போர் வாய்த்தது. சண்டை போடப் படை இருந்தது. சண்டையைப் பற்றிப் பேச முதன்மை அமைச்சர் செந்நாவர் இருந்தார். பேரவையில் அவர் வாயைத் திறந்தால் தூண்களுக்கே மெய்சிலிர்க்கும் என்பார்கள்.

கழிமுகத்து உறுப்பினர் தைலம்மைக்கும் சிலிர்த்தது.

"எதிரிக்கு ஒரு தோணிகூடக் கிடைக்கக் கூடாது! கழிமுகத்துத் தோணிகளை நாமே கொளுத்துவோம்!" என்று செந்நாவர் முழங்கியபோது, கண்கலங்க எழுந்து நின்று கைதட்டியவர்களில் தைலம்மையும் ஒருவர்.

தோணிகள் எரிந்தன. எதிரி வரவில்லை. தோணி இல்லாததால் மீனும் வரவில்லை. அடுத்த பேருரையில் கழிமுகத்து நெல் முழுவதும் படைக்கென்று போயிற்று. அதற்கும் பேரவை எழுந்து நின்றது.

படைக்காரர்களின் படகில் இடம் கேட்டு வாங்கித் தைலம்மை ஊருக்குப் போனார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. அண்ணி மதுரவல்லியின் மடியில் கைக்குழந்தை அழவும் தெம்பில்லாமல் கிடந்தது.

"அண்ணன் எங்க அண்ணி?"

"போன வாரம் மண்ணுல வச்சிட்டு வந்தோம். ஒனக்குச் சொல்லி அனுப்ப ஆத்தத் தாண்டணுமே, தோணிக்கு எங்க போறது?" அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "அந்த மனுசன் ரொம்ப நல்லாப் பேசுறாராமே. நீயும் கைதட்டுனியாமே?"

தைலம்மைக்கு அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பேரவைக்குத் திரும்பியதும் எழுந்தார். "கழிமுகத்தில் பஞ்சம். மக்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்."

உணவு அமைச்சர் தொண்டையைச் செருமினார். "போர்க்காலத்தில் பஞ்சம் என்று சொல்வது எதிரிக்குத் தெம்பூட்டும். அச்சொல்லை அவைக்குறிப்பிலிருந்து நீக்க வேண்டுகிறேன்."

"நீக்கப்பட்டது" என்றார் பேரவைத் தலைவர்.

"சொல்லை நீக்கிவிட்டீர்கள். பசியை?"

செந்நாவர் கருணையோடு புன்னகைத்தார். "அம்மையார் வருந்த வேண்டாம். கழிமுகத்தாரின் தியாகத்தை வரலாறு பொன்னெழுத்துகளில் பொறிக்கும்."

அன்றே சட்டமும் வந்தது: கழிமுகத்தில் இறப்பவர்களை இனி 'நாட்டுக்காக நோன்பிருந்தோர்' என்றே குறிப்பிட வேண்டும். மீறினால் சிறை.

போரில் நீலவரை வென்றது. செந்நாவர் வெற்றிப் பேருரை ஆற்றினார். பேரவை முழுவதும் எழுந்து ஆர்ப்பரித்தது. தைலம்மை மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று பக்கத்து உறுப்பினர் கிசுகிசுத்தார்.

"பாக்கட்டும். எங்கண்ணன் எழுந்திரிச்சா நானும் எழுந்திரிக்கிறேன்."

மறுநாள் பேரவையில் ஒரு நாற்காலிகூட இல்லை. உறுப்பினர்களின் முதுகுத்தண்டு நலன் கருதி எல்லாம் அகற்றப்பட்டதாகத் தலைவர் அறிவித்தார். தைலம்மை தரையில் உட்கார்ந்தார். காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

பிறகு செந்நாவர் அடுத்த போருக்கான தீர்மானத்தை முன்மொழிந்தார். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவையின் விதி. தலைவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.