ஐந்து நொடிக்கு ஒரு கல்யாணம்

கிர்க்கி, புனே
செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம் (சாப்பாடு இல்லை)

அன்புக்கும் இப்போதைக்குக் கோபத்துக்கும் உரிய மருமகன் ஹரிபிரசாத்துக்கு, உன் தாய்மாமன் பரமசிவம் எழுதுவது. இங்கே யாருக்கும் சுகமில்லை. ஊரின் அந்தக் கோடியில், வாகட்டில், நீ மட்டும் சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைத் தீர்த்து வைக்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீ அனுப்பிய வீடியோவை, கோபம் வருவதற்கு முன்னால், பால்கனியில் நின்று பதினோரு தடவை பார்த்தேன். அதில் எனக்குத் தொப்பை இல்லை. அந்தச் சந்தோஷத்தில் என் கை என்ன செய்கிறது என்று கவனிக்கவில்லை. பன்னிரண்டாவது தடவை உன் அத்தை பவுனு பின்னால் வந்து நின்று பார்த்தாள். அவள் கையைத்தான் பார்த்தாள்.

எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆனதென்று பில்டிங்காரர்களைக் கூப்பிட்டு மறுபடி மாலை மாற்றிக்கொண்டோமே, அந்த போட்டோவை எடுத்தவனே நீதான். நான் மாலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன், எதிரே பவுனு, அவள் பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு மூன்றாம் மாடி நீலா அம்மா. நல்ல போட்டோ, பேசாமல் கிடந்தது, அது உனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, ஏஐல போட்டா போட்டோ அசையும், அஞ்சே செகண்டு, முடிஞ்சதும் மொதல்லேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாய். நான் அஞ்சாம் கிளாஸ் படித்தவன், கொஞ்சம் சிரிக்கும், தலையை ஆட்டும், ஆட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அடேய், அதில் நான் சர்ரென்று திரும்பி மாலையை நீலா அம்மா கழுத்தில் போடுகிறேனடா! அந்தம்மாவும் தட்டை விடாமல் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்கிறார். உன் அத்தை பக்கத்தில் நின்று கை தட்டுகிறாள். ஐந்து நொடி ஆனதும் மாலை திரும்ப என் கையில், திரும்பக் கல்யாணம், நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முகூர்த்தம். இதை எனக்கு மட்டும் அனுப்பினாயா? வேலூர் சொந்தக்காரர்கள் எண்பத்திரண்டு பேர் இருக்கிற குரூப்பில், பூப்படமெல்லாம் வைத்து, 'மாமா அத்தைக்கு வாழ்த்துகள்' என்று போட்டாய்.

"நான் கேமராவைத்தான் பாத்தேன் பவுனு, திரும்பவே இல்ல."

"அப்ப இதுல திரும்புறது யாரு, உங்க அண்ணனா?"

"மெஷின் பண்ணதுடி."

"நம்ம கல்யாணத்துல கை நடுங்கி மாலையை என் காதுல மாட்டின ஆளுய்யா நீ. இவளுக்குப் பாரு, எவ்ளோ சுத்தமா போடுற!"

நீயே எடுத்துச் சொல்லுவாய் என்று உனக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன் பார், அது என் புத்தி. "அது தானா யூகிக்கும் மாமா, போட்டோவப் பாத்து அடுத்தது என்ன நடக்கும்னு அதுவே கண்டுபிடிச்சிடும்" என்கிறாய். பவுனு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கேட்டுக்கோ. மெஷினுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கு. எனக்கு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு." நான் நாலு பேரைக் கிண்டல் பண்ணுகிற ஆள்தான், நீலா அம்மா படியேறி வந்தால் "என்ன மேடம், லிப்டு உங்களப் பாத்து வெக்கப்பட்டு நின்னுடுச்சா?" என்று கேட்பவன்தான். அத்தனையும் இப்போது எனக்கு எதிரான சாட்சி. அவர் வீட்டுக்காரர் பத்மநாபன் சார் சண்டைக்கு வருவார் என்று சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். வந்தார். "நீலா தலை குனிஞ்சு நான் பாத்ததே இல்ல பரமசிவம், எனக்கும் ஒண்ணு அனுப்புங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த மனுஷனிடம் எப்படியடா சண்டை போடுவது?

அதோடு விட்டாயா? 'சரி பண்ணிட்டேன் மாமா' என்று இன்னொன்று அனுப்பினாய். அதில் மாலை பவுனு கழுத்தில்தான் விழுந்தது. அவள் முகம்கூட இளகியது, தேங்காய் துருவ உட்கார்ந்தாள். அப்புறம் பார்த்தால் படம் பின்பக்கமாக ஓடுகிறது. போட்ட மாலையை நானே உருவி எடுக்கிறேன். போடுகிறேன், எடுக்கிறேன், போடுகிறேன், எடுக்கிறேன். "போட்டுட்டுப் புடுங்கிக்கிறியேய்யா! இத்தன வருஷமா மனசுல இதான் இருந்துச்சா?" என்றவள் என் போனை அத்தாட்சிக்கு எடுத்துக்கொண்டு ஹடப்சர் பஸ் ஏறி அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால்தான் பேனா பிடித்திருக்கிறேன். மூன்று நாளாக மூன்று வேளையும் வடா பாவ். அதுகூடப் பரவாயில்லை. வீட்டில் கிண்டல் பண்ண ஆள் இல்லை மாப்ளே. காலையில் பாத்திரம் கீழே விழுந்ததற்கு "என்னாடி கோவம்?" என்று கேட்டேன். அப்புறம் நானே குனிந்து எடுத்து வைத்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது, இந்த ஞாயிற்றுக்கிழமை வாகட்டிலிருந்து ஹடப்சருக்கு டூவீலரில் இல்லை, பஸ்ஸில், நின்றுகொண்டே போக வேண்டும். போய் அத்தை காலில் விழுந்து, மெஷின் முட்டாள், மாமன் யோக்கியன் என்று சொல்ல வேண்டும். போட்ட மாலையைத் திரும்ப எடுக்கிற ஆம்பளை எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்.

அந்த மெஷின் நீங்கலாக உன்னைச் சேர்ந்த எல்லாமும் எல்லாரும் நன்றாக இருக்க முருகனை வேண்டிக்கொள்ளும்,
உன் மாமன்,
பரமசிவம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அத்தை வந்துவிட்டாள். நீ ஹடப்சர் போக வேண்டாம். எல்லார் முன்னாலும் நிஜ மாலையைப் போட்டுக் காட்டினால்தான் அடுப்பு பற்ற வைப்பேன் என்றாள். பஜாருக்கு ஓடி, பூக்காரர் கட்டி வைத்திருந்ததில் ஒன்றை வாங்கி வந்தேன். அது வீட்டுப் பிள்ளையாருக்குப் போடுகிற அளவு என்று அப்போது தெரியவில்லை. வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் வந்து நின்றார்கள். பவுனு தலை வழியாகப் போட்டேன். கொண்டையைத் தாண்டி இறங்கவில்லை. எடுத்தேன். மறுபடி போட்டேன். மறுபடி எடுத்தேன். பத்மநாபன் சார் வீடியோ எடுத்தார். நாலாவது தடவை நூல் அறுந்தது.