மதில் மேல் மூன்று முள் ஓணான்கள்: நான்காம் விண்ணப்பம்

அக்ரஹாரம், மைசூரு
ஜூன் 18, புதன்கிழமை

'ஊர்வன உலகம்' காலாண்டிதழின் ஆசிரியர், முனைவர் நிர்மலா அம்மையார் சமூகத்திற்கு, ரயில்வே ஸ்டோர்ஸ் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற எம். ஆர். பாஷ்யம் மிக்க மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி ராஜலக்ஷ்மியும் மதில் மேல் இருக்கும் மூவரும் சௌக்கியம். என் கட்டுரையைத் திருப்பி அனுப்பித் திருப்பி அனுப்பித் தங்கள் கைக்கு வலி ஒன்றும் வந்திருக்காது என்று நம்புகிறேன்.

தங்களது மூன்றாவது நிராகரிப்பு நேற்றைய தபாலில் கிடைத்தது. அம்மையாரே, ஒரு பிரேக் கட்டைக்காகப் பதினேழு தடவை எழுதிப் பதினெட்டாவது தடவை வாங்கியவன் நான். மூன்று தடவை திரும்பி வந்த காகிதம் என்றால் எங்கள் ஆபீஸில் அது இன்னும் மேஜைக்கே வராத காகிதம். ஆகையால் 'அக்ரஹாரத்து முள் ஓணான்கள்: மூன்று புதிய இனங்கள்' என்ற கட்டுரையை இத்துடன் மறுபடியும் இணைத்திருக்கிறேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, மாற்றுவதாகவும் இல்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு சிவகுமாருக்கும் நடுவே ஒரு கல் மதில். அதன் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கல்லில் மூன்று வகை ஓணான்கள் வருகின்றன. காலை ஆறரைக்கு வருவது கரும்பழுப்பு. எட்டரைக்கு வருவது வைக்கோல் நிறம். பத்து மணிக்கு மேல் வருவது செந்தலையன்: தலையும் தோளும் ரத்தச் சிவப்பு, கன்னத்தில் கருப்பு, கழுத்தை உப்பிக்கொண்டு தண்டால் எடுக்கும். மூன்றுக்கும் பிடரியில் முள் வரிசை உண்டு, காதுக்கு மேலே இரண்டு தனி முள்ளும் உண்டு. ஒரு நாளாவது இந்த மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒன்று போன பிறகுதான் அடுத்தது வரும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில்கூட ஷிப்ட் முறை இவ்வளவு ஒழுங்காக நடந்தது கிடையாது. ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காத அளவுக்கு அவைகளுக்குள் பகை என்றால், அது வேறு வேறு இனம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், சொல்லுங்கள்.

தாங்கள் மறுத்து எழுதியிருப்பதைப் படித்தேன், மூன்று தடவை படித்தேன். முள் ஓணான் என்று தாங்கள் சொல்லும் கூட்டம் அமெரிக்காவிலும் மெக்ஸிகோவிலும் இருக்கிறதாம், அதில் நூறு இனத்துக்கு மேல் உண்டாம், சிலது முட்டையிடுமாம், சிலது குட்டியே போடுமாம், வயிற்றில் நீலப் பட்டை வைத்திருக்குமாம். சந்தோஷம். அங்கே நூறுக்கு இடம் கொடுத்தவர்கள் இங்கே என் மதிலில் மூன்றுக்கு இடம் இல்லை என்கிறீர்களே, இது நியாயமா? அப்புறம், இனத்தைப் பிரிப்பது நிறத்தை வைத்து இல்லையாம், செதிலை எண்ணி, எலும்பைப் பார்த்து, ரத்தத்தைச் சோதித்துத்தானாம். என் மூன்று ஓணானுக்கும் முள் ஒரே இடத்தில் ஒரே எண்ணிக்கையில் இருப்பதால் மூன்றும் சாதாரணத் தோட்டத்து ஓணான்தானாம். அம்மையாரே, ஸ்டோர்ஸில் மூன்று போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் நீளம் ஒன்று, மரை ஒன்று. ஆனால் சிவப்பு அடித்தது ஒரு நம்பர், மஞ்சள் அடித்தது ஒரு நம்பர், பெயிண்டே அடிக்காதது ஒரு நம்பர். 'எல்லாம் போல்ட்தானே சார்' என்று ஒரே பெட்டியில் கொட்டிய ஒரு கிளார்க்கை நான் என்ன பாடு படுத்தினேன் என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் இன்னும் சொல்வார்கள். ஓணான் நிறம் மாறும் என்று வேறு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நிறம் மாறுவது பச்சோந்தி. அது தனி அயிட்டம். இந்த ஸ்டாக் கார்டில் கொண்டுவந்து அதைச் செருகக் கூடாது.

இந்த ஆராய்ச்சிக்காக நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்லை. மதிலை எட்டிப் பார்க்க முக்காலி போட்டு ஏறினேனா, அந்தப் பக்கம் சிவகுமார். அவர் ஹனூர்ப் பக்கத்து மனுஷர், ஹெப்பாளில் பேக்டரி வேலை, நைட் ஷிப்ட் முடித்து வந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க சாமி, காலங்காத்தால எங்க ஊட்டையே எட்டி எட்டிப் பாக்கறீங்களே, என்னங்க சமாச்சாரம்?" என்றார். ஓணானைப் பார்க்கிறேன் என்று சொன்னேன். "ஒடக்கானுங்களா? அதப் பாக்கறதுக்கா நோட்டும் பேனாவும்?" என்று அவர் சிரித்த சிரிப்பில் செந்தலையன் ஓடிவிட்டான், அவனைப் பார்க்கத் திரும்பின நான் முக்காலியோடு செம்பருத்திச் செடியில் விழுந்தேன், தூரப் பார்வைக் கண்ணாடி மூக்கிலிருந்து கழன்று துவைக்கிற கல்லில் பட்டு இரண்டாகப் போய்விட்டது. சிவகுமார் மதிலேறிக் குதித்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார், நல்ல மனுஷர்தான். ஆனால் அதற்குள் சமாச்சாரம் தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்து, பூ விற்கிற லிங்கம்மா என் மனைவியைப் பார்த்து, "ஏன் மாமி, ஓதிக்யாதக்கே நிம்ம ஹெசரா?" என்று கேட்டிருக்கிறாள். ஓணானுக்கு உங்கள் பெயரா என்று. கோயிலில் தீர்த்தம் வாங்கப் போன இடத்தில் நான்தான் நாலு பேரிடம் வாய்விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இப்போது எங்கள் தெருவில் ராஜலக்ஷ்மிக்கு 'ஓணான் மாமி' என்று பெயராகிவிட்டது. அவள் வீட்டுக்கு வந்து, "ஏன்னா, என் பேரை வைக்கறதுக்கு உங்களுக்கு ஒரு மயில் கிளி கிடைக்கலையா?" என்று கேட்டாள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆமாம் அம்மையாரே, விஷயமே அதுதான். புது இனம் கண்டுபிடித்தால் கண்டுபிடித்தவன் பெயர் வைக்கலாம், பெண் பெயராக இருந்தால் லத்தீனில் கடைசியில் ஒரு வாலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று படித்தேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பெயர் என் அப்பாவுடையது. பெண்ணுக்கு வைத்தது என் அம்மா பெயர். கரண்ட் பில், தண்ணீர் பில், காஸ், ஸ்கூட்டர் எல்லாம் என் பெயரில். போன மாசம் ஒரு பாரம் பூர்த்தி பண்ணும்போது, முப்பத்தெட்டு வருஷமாக இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் பெயர் இந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். ரேஷன் கார்டில் இரண்டாவது வரியில் இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நகையோ புடவையோ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டுகிற காரியமில்லை இது. உலகத்துப் புஸ்தகத்தில் எல்லாம் அவள் பெயர் ஏற வேண்டும், நான் இருக்கும்போதே ஏற வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும். தாங்கள் இன்னும் முப்பது தடவை திருப்பி அனுப்பினாலும் முப்பத்தொன்றாவது தடவை நான் எழுதுவேன்.

'தக்க ஆதாரம் இல்லை' என்று கடைசியாக ஒரு வரி போட்டிருந்தீர்கள். அதையும் இன்று முடித்துவிட்டேன். வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த வெள்ளை பெயிண்ட், ஒட்டடைக் கழியின் நுனியில் கட்டிய பிரஷ். ராத்திரி மழை பெய்திருந்ததால் காலையில் ஆறரை மணி ஷிப்டுக்காரன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான், வாலடியில் ஒரு புள்ளி வைத்தேன். எட்டரைக்கு வைக்கோல் நிறத்தான், கண்ணை மூடிக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தான், அவன் இடுப்பில் இரண்டு. செந்தலையனிடம் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது, சிவகுமார் ஸ்கூட்டர் சீட்டிலும் இரண்டு புள்ளி விழுந்தது, ஆனாலும் தோளில் மூன்று வைத்துவிட்டேன். கண்ணாடி இல்லாததால் பிராணி மங்கலாகத்தான் தெரிந்தது, நிறம் மட்டும் தெரிந்தது. எனக்கு நிறம் போதும். இனிமேல் யார் வந்து பார்த்தாலும் ஒரு புள்ளிக்காரன் வேறு, இரண்டு புள்ளிக்காரன் வேறு, மூன்று புள்ளிக்காரன் வேறு என்று சந்தேகமில்லாமல் தெரியும். தாங்களே நேரில் வரலாம். ராஜலக்ஷ்மி புளியோதரை பண்ணித் தருவாள்.

தங்கள் இதழும் தாங்களும் நீடூழி வாழ்ந்து, என் கட்டுரையை அடுத்த இதழிலேயே பிரசுரித்துப் புண்ணியம் கட்டிக்கொள்ளப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். ஆபீஸில் அனைவருக்கும் என் ஆசீர்வாதம், நிராகரிப்பு டைப் அடிக்கிறவருக்கும்தான்.

இப்படிக்கு,
பின்வாங்கும் உத்தேசம் துளியும் இல்லாத,
எம். ஆர். பாஷ்யம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் கடைக்காரன் புதுக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தான். மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கல்லின் மேல் வைக்கோல் நிறத்தில் ஒரு ஓணான். வாலடியில் ஒரு புள்ளி, இடுப்பில் இரண்டு, தோளில் மூன்று. எண்ணிப் பார்த்தேன், மறுபடியும் எண்ணினேன், ஆறுதான். சிவகுமார் வீட்டுப் பக்கமிருந்து புள்ளியே இல்லாத இன்னொன்று எட்டிப் பார்த்ததும், என் கண் முன்னாலேயே ஆறு புள்ளிக்காரன் தலை சிவந்து, கன்னம் கறுத்து, தண்டால் எடுக்க ஆரம்பித்துவிட்டான். தாங்கள் எழுதியது அத்தனையும் சரி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராஜலக்ஷ்மியிடம் எப்படிச் சொல்வது என்று கொல்லைக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன். நான் நிற்பது தெரியாமல் அவள் துணி எடுக்க வந்தாள். மதிலைப் பார்த்து, "என்னடா பாச்சு, மறுபடியும் சண்டையா? போதும் இறங்கு. உடம்பெல்லாம் சுண்ணாம்பு வேற!" என்றாள். அம்மையாரே, பாச்சு என்பது என் பெயர். பாஷ்யத்தை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான நாளாக அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட ரேஷன் கார்டைத்தான் நீட்டுவாள். கதவைத் திறந்தேன். எத்தனை நாளாக இது என்று கேட்டேன். "நாலு வருஷமா," என்றாள், தலை நிமிரவில்லை. "யாராவது வந்தா மூஞ்சி சிவந்துடறது, கழுத்தை உப்பிண்டு குதிக்கறது, அஞ்சு நிமிஷத்துல எல்லாம் அடங்கிப் பூனையா உக்காந்துக்கறது. வேற என்ன பேர் வைப்பேன், சொல்லுங்கோ." மூன்றும் ஒன்றுதான் என்று முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா அந்த ஒண்ணு யாருன்னு கேப்பேளே. பேரைச் சொல்லணுமே!" என்று துணியை மூஞ்சியில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் சாஸ்திரத்தில் முந்தி வைத்த பெயர்தான் செல்லுமாம், அவள் நாலு வருஷம் முந்திவிட்டாள். நாளைக்கு அவள் துணி உலர்த்த வரும்போது நான் கதவுக்குப் பின்னால் சத்தம் போடாமல் நின்றுகொள்ளப் போகிறேன். இன்னொரு தடவை கேட்க வேண்டும்.