ஏற்றத்தில் இருமும் காருக்கு வைத்தியம் பார்ப்பவர்

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் எந்தக் காரையும் சும்மா கடந்து போக முடியாத ஒரு மனித இனம் உண்டு. எங்கள் க்வாஹு மலைப்பாதையில் இந்த இனம் யாரும் விதைக்காமலே விளைகிறது. கார் நின்று, ஓட்டுநர் இறங்கி, பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுப்பதற்குள் அவர் வந்து நிற்பார். எங்கிருந்து வந்தார் என்று கேட்காதீர்கள். ஈ எங்கிருந்து வருகிறது?

அவர் மெக்கானிக் அல்ல. அதை அவரே முதலில் சொல்லிவிடுவார். "நான் ஃபிட்டர் இல்ல. ஆனா..." அந்த 'ஆனா'வில்தான் வைத்தியம் தொடங்குகிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். "கொஞ்சம் ரேஸ் குடு" என்பார். கண்ணை மூடுவார். தலையை ஒருபக்கம் சாய்த்து, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பவர் போல எஞ்சினைக் கேட்பார். பிறகு, "கடைசியா இதுல கை வெச்சது யாரு?" என்பார். யார் பெயரைச் சொன்னாலும் பெருமூச்சு விடுவார். உலகத்தில் உள்ள எல்லா ஃபிட்டர்களும் கெடுத்து வைத்ததைச் சரிசெய்யத்தான் அவர் பிறந்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு வியாதிதான் இருக்கும். சிலர் பிளக் கட்சி. சிலர் கலப்படப் பெட்ரோல் கட்சி. எங்கள் ஓபிரி சார் கார்புரேட்டர் கட்சி. கார் இருமினால் கார்புரேட்டர், தும்மினால் கார்புரேட்டர், ஹாரன் அடிக்காவிட்டால்கூட யோசித்துப் பார்த்து, சுற்றி வளைத்து, கடைசியில் கார்புரேட்டருக்கே வந்து சேருவார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்னொரு காலத்தில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவர். மலைப்பாதையின் முதல் பெரிய வளைவில், ஏற்றம் செங்குத்தாகத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வாழைக்காய் சுட்டு விற்கும் கொட்டகையில்தான் அவருடைய பகல் பொழுது கழியும். இடத்தை எவ்வளவு பொருத்தமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில் பூக்கடை வைப்பது போல.

போன சனிக்கிழமை அவர் கையில் சிக்கியது செர்வாவின் கேக்.

செர்வா என் பக்கத்து வீட்டுக்காரி. இத்தனை நாளும் அடிவாரத்து பஸ் ஸ்டாண்டில் தலையில் தட்டு வைத்து இனிப்பு ரொட்டி விற்றவள். மேலே ஒபோ ஊரில் ஒரு பெரிய குடும்பத்துக் கல்யாணத்துக்கு, மூன்றடுக்கு கேக் செய்யும் வாய்ப்பு அவளுக்கு வந்தது. அவளுடைய முதல் கல்யாண கேக். "உன்னை நம்பி ஊருக்கு முன்னால நிக்கிறேன்" என்று சொல்லியிருந்தார் பெண்ணின் அத்தை. கேக் நின்றால் மலை மேல் நடக்கும் கல்யாணங்களெல்லாம் செர்வாவுக்கு. சரிந்தால் மறுபடியும் தலையில் தட்டு. அதனால் டாக்ஸியின் பின் இருக்கையில் நடுவே கேக், ஒருபக்கம் செர்வா, மறுபக்கம் நான். மூன்று பேர் சேர்ந்து தூக்கி உள்ளே வைத்தது. வழியில் வேறு வண்டிக்கு மாற்றுவது நடக்காது. அன்று மேலே ஏறிய வண்டிகளெல்லாம் கல்யாணத்துக்கும் இழவுக்கும் போகிற ஜனத்தால் பிதுங்கிக்கொண்டிருந்தன.

முதல் வளைவு தாண்டியதும் டாக்ஸி இருமியது. புக், புக், புக். செத்தது. ஓட்டுநர் டொங்கோர் பிரேக்கை மெல்ல விட்டு வண்டியைப் பின்னால் உருட்டி, கொட்டகைக்கு எதிரே சமதரையில் நிறுத்தினான். பானெட்டைத் திறந்தான்.

ஓபிரி சார் வாழைக்காயைக் கீழே வைத்தார்.

"ஏத்தத்துல இருமுதா, மாஸ்டர்?"

"ஆமா சார்."

"சமதரையில?"

"ஜம்முனு ஓடுது சார்."

"கார்புரேட்டர்."

"நேத்து நின்ன லாரிக்கும் இதைத்தானே சார் சொன்னீங்க?" என்றார் அடுப்பை விசிறிக்கொண்டிருந்த வாழைக்காய்க்கார அக்கா.

"அதுக்கும் அதுதான் வியாதி."

"அதுக்கு டயர் இல்ல வெடிச்சுது!"

"ஏன் வெடிச்சுதுன்னு யோசிச்சியா நீ?"

செர்வா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "சார், வண்டியில பெட்ரோல் இருக்கான்னு பாருங்களேன்."

அவர் சிரித்தார். இந்த இனத்துக்கென்றே ஒரு சிரிப்பு உண்டு. பெண்கள் கேட்கும் கேள்விக்கு மட்டும் அதை எடுத்து உபயோகிப்பார்கள். "பெட்ரோல் இல்லேன்னா சமதரையிலயும் ஓடாதும்மா. ஓடுதில்ல? அப்ப இருக்கு. யோசிச்சுப் பேசணும்." டொங்கோர் பலமாகத் தலையாட்டினான். பெட்ரோல் முள் பாதியைக் காட்டியது. அந்த முள் எந்த நாளும் பாதியைத்தான் காட்டும்; வண்டியைப் பழைய இரும்புக்குப் போடும் அன்றும் பாதியைத்தான் காட்டும்.

ஒரு குழாயைக் கழற்றி, ஊதி, துடைத்து மாட்டினார். ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் பாட்டுப் பாடியது. "பாத்தீங்களா?" என்றார் ஓபிரி சார், கைத்தட்டலுக்கு இடம் விட்டு. நாங்கள் ஏறினோம். வளைவு தாண்டியதும் புக், புக், புக். உருண்டு திரும்பி வந்தோம்.

வேறு யாராவதாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள். அவர் முகம் மலர்ந்தது. "இப்பதான் உண்மையான வியாதி வெளிய வருது" என்றார். தோல்வியே இல்லாத தொழில் உலகத்தில் இது ஒன்றுதான். கார் ஓடினால் அவர் சரிசெய்தார். ஓடாவிட்டால் வியாதி ஆழமானது. இரண்டிலும் வைத்தியர் ஜெயிக்கிறார். நோயாளியின் பாடுதான் திண்டாட்டம்.

"ஒரு ஸ்க்ரூவைத் திருப்பணும். தட்டையா ஏதாவது இருக்கா?" என்று உள்ளே எட்டிப் பார்த்தவர் கண்ணில், செர்வா மடியில் வைத்திருந்த கத்தி பட்டது.

"ஐயோ சார், அது கேக்குக்கு க்ரீம் தடவுறது!"

"ஒரே ஒரு சுத்தும்மா."

கத்தி போனது. க்ரீம் வேர்க்கத் தொடங்கியது. உச்சியடுக்கில் இருந்த ஒரு ரோஜா, அவசரமில்லாமல், கீழடுக்குக்கு இறங்கி வந்தது. செர்வா தலைத்துணியை அவிழ்த்து விசிறினாள். நான் கேக் இருந்த பலகையை என் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சுவாசிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். வெளியே, டாக்ஸி மறுபடி பாடியது, மறுபடி ஏறியது, மறுபடி செத்தது, மறுபடி உருண்டு வந்தது. இந்தத் தடவை கேக் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"சார், என் பொழப்பே இதுல நிக்குது" என்றாள் செர்வா.

"கவலைப்படாதம்மா. கார்புரேட்டரை முழுசா பிரிச்சிரலாம்."

அதைக் கேட்டதும் டொங்கோரின் முகம் மாறியது. அவன் ஜன்னலருகே வந்து குனிந்தான்.

"அக்கா, சத்தம் போடாதீங்க. டாங்கில பெட்ரோல் கொஞ்சமாத்தான் இருக்கு."

"எவ்வளவு கொஞ்சம்?"

"சாயங்காலம் வண்டிய அஃபுல் கிட்ட குடுக்கணும். ராத்திரி ஓட்டறது அவன்தான். அவன் ஒரு நாளாவது எனக்கு ஒரு சொட்டு மிச்சம் வெச்சிருப்பானா? அப்ப நான் மட்டும் எதுக்கு வெக்கணும்?"

"அடப்பாவி! அவனுக்கு மிச்சம் வெக்கக் கூடாதுன்னு என் கேக்கை நடுரோட்டுல வெச்சுட்டியே!"

"மெதுவாக்கா! ஏத்தத்துல இருக்கறதெல்லாம் டாங்கோட பின்பக்கம் ஓடிருது. உறிஞ்சற குழாய் முன்னால இருக்கு. ரிவர்ஸ்ல ஏறினா போயிரும். நாங்க எல்லாரும் கடைசி ட்ரிப் அப்படித்தான் போவோம். சார்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. முதலாளிக்கு மச்சான் அவரு."

ஒரு வண்டி, இரண்டு ஓட்டுநர்கள், எந்நேரமும் காய்ந்து கிடக்கும் ஒரு டாங்க்: எங்கள் மலையில் இது ஊரறிந்த விஷயம். ஆனால் கார்புரேட்டர் குற்றவாளியாக இருக்கும்வரைதானே டொங்கோர் நிரபராதி? வைத்தியர்கள் தாமாகப் பெருகுவதில்லை, வாசகரே. இப்படிப்பட்ட நோயாளிகள்தான் அவர்களை வளர்க்கிறார்கள்.

செர்வா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் எரித்திருக்கலாம்; ஆனால் அவனை எரித்தால் வண்டியை யார் ஓட்டுவது? "திருப்புடா வண்டிய" என்றாள். "சார், என் கத்திய குடுங்க."

டாக்ஸி மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பியதும், "சரிதான், கீழ போய் நல்ல ஃபிட்டரா பாருங்க" என்றார் ஓபிரி சார். டாக்ஸி கீழே போகவில்லை. பின்பக்கமாக, முனகிக்கொண்டு, மேலே ஏறியது. செத்த இடத்தைத் தாண்டியது. இருமவே இல்லை. வாழைக்காய்க்கார அக்கா விசிறியைப் போட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தார்.

ஓபிரி சார் ஒரு கணம்தான் திகைத்தார். அடுத்த கணம் வண்டிக்கு இணையாக ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்.

"ஆமா! இதைத்தான் நான் சொல்ல வந்தேன்! எதிர்க்காத்து! கார்புரேட்டருக்கு எதிர்க்காத்து ஆகாது! பின்னால போனா காத்து படாது பாரு!"

"ஆமா சார்" என்றான் டொங்கோர், மனப்பூர்வமாக.

மேலே ஏறியதும் சமதரை வந்தது. முன்பக்கமாகப் போயிருக்கலாம். வண்டியைத் திருப்பினால் கேக் இன்னொரு குலுக்கல் தாங்காது என்று செர்வா விடவில்லை. அப்படியே பின்பக்கமாகவே ஒபோவுக்குள் நுழைந்தோம். கல்யாண மண்டப வாசலில் நின்றவர்கள் முதலில் பார்த்தது டாக்ஸியின் பின்கண்ணாடியை. அதில் 'பொறாமை ஏன்?' என்ற ஸ்டிக்கரையும், அதற்கு மேலே மூன்றடுக்கு கேக்கையும். பெண்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை வீசி ஆரவாரம் செய்தார்கள்.

"கேக்கை எல்லாருக்கும் காட்டிக்கிட்டே கூட்டிட்டு வர்றியா?" என்றார் பெண்ணின் அத்தை. "யார் யோசனை இது?"

செர்வா பாக்கெட் தண்ணீரைக் கடித்துத் திறந்து கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "என் யோசனைதாம்மா" என்றாள். பிறகு, சாய்ந்த பக்கத்தை க்ரீமால் நிமிர்த்தி, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்தாள். ஈஸ்டருக்கு நடக்கப்போகும் அந்த வீட்டு இரண்டாவது பெண்ணின் கல்யாணத்துக்கும் கேக் அவளேதான் செய்ய வேண்டுமாம். அதுவும் இப்படியே பின்பக்கமாக வர வேண்டுமாம்.

ஓபிரி சார் இப்போது கொட்டகையில் இரண்டு வைத்தியம் பார்க்கிறார். முதலில் கார்புரேட்டர். கேட்காவிட்டால், எதிர்க்காற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள்: டாக்ஸி முதல் தடவை இருமியபோது, உங்களை யாரும் கேட்காமலே, 'ஃபில்டர் அடைச்சிருக்கும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டீர்களா இல்லையா? அல்லது, 'எல்லா வண்டியிலும் குழாய் டாங்கின் முன்பக்கம் இருக்காதே' என்று இந்த நிமிடம் எனக்குத் திருத்தம் சொல்ல வாயெடுத்தவரா நீங்கள்? வாருங்கள். கொட்டகை பெஞ்சில் ஓபிரி சார் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் உங்களுக்கும் இடம் இருக்கிறது.