வெடி வைத்தாலும் திறவாது

பொய் என்று தெரிந்தே சொல்லி விற்பவன் எப்படியும் தப்பித்துக்கொள்வான். தான் சொல்வதைத் தானே நம்பி விற்பவன்தான் மாட்டிக்கொள்வான். இருபத்து மூன்று வயதில் நான் இரண்டாவது ரகம். அதிலும் முதல் தரம்.

விருதுநகர் பஜாரில் எங்கள் அத்தாவுக்கு இரும்புச் சாமான் கடை. ஒருநாள் பரணைச் சுத்தம் செய்தபோது, ஒரு பெட்டி நிறையப் பழைய பித்தளைப் பூட்டுகளும், அவற்றோடு வந்த விளம்பர நோட்டீஸ் கட்டும் கிடைத்தன. அந்தக் காலத்து நோட்டீஸ். ‘கள்வர்களுக்கு ஓர் அறைகூவல்!’ என்று ஆரம்பித்து, ‘மறுசாவி மண்ணுலகில் இல்லை’, ‘ஆக்ஸா பிளேடு பல்லிழக்கும்’ என்று ஏறிக்கொண்டே போய், ‘வெடி வைத்தாலும் திறவாது’ என்பதில் வந்து நின்றது. (அந்தக் கம்பெனியை இழுத்து மூடி வெகு காலமாகிறது. எந்தப் பூட்டைப் போட்டு மூடினார்களோ!) வேறொருவன் படித்துச் சிரித்திருப்பான். நான் மனப்பாடம் செய்தேன்.

காரணம் இருந்தது. தீபாவளி சீசனுக்குள் ஒரு பெரிய கம்பெனி ஆர்டரை நானாகப் பிடித்தால் கடை என் கையில்; இல்லாவிட்டால் துபாயில் மாமாவின் மளிகைக் கடையில் மூட்டை தூக்க வேண்டும். இது அத்தாவின் தீர்ப்பு. பாஸ்போர்ட்கூட எடுத்தாகிவிட்டது. எனக்கோ ஊரை விட்டுப் போக அறவே மனமில்லை.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போய், போர்மேன் மாரிமுத்து அண்ணனிடம் நோட்டீஸை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தேன். “வெடி வச்சாலும் திறக்காதுண்ணே!”

அவர் சுற்றியிருந்த ஷெட்டுகளை ஒரு பார்வை பார்த்தார். “தம்பி, இதை வேற எங்கயாச்சும் போய்ச் சொல்லுங்க. இங்கன சொல்லாதீக. எங்களுக்கு எதுவும் வெடிக்காம இருந்தாப் போதும்.”

ஆனாலும் ஒரு பூட்டை வாங்கிப் பார்க்க ஒப்புக்கொண்டார். சரக்கு அறை காலியாக இருந்த நாளில் நானே போய் மாட்டினேன். பூட்டைக் கோக்கும் கொண்டி துருப்பிடித்திருந்ததால், புதுக் கொண்டி ஒன்றை வைத்து நாலு திருகாணி போட்டு முறுக்கினேன். சரியாக ஓடினால் எல்லா அறைகளுக்கும் ஆர்டர் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் ஓடியது. சீசனின் கடைசி லோடு ஏற்ற லாரி வந்து நின்ற அன்று காலையில் கடைக்குப் போன் வந்தது.

“தம்பி, உங்க பூட்டு நோட்டீஸ்ல போட்டபடியே இருக்கு. சாவி போட்டாலும் திறக்க மாட்டேங்குது.”

எண்ணெய்க் குப்பி, சுத்தியல், ஆக்ஸா பிளேடு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் பறந்தேன். கேட்டில் வாட்ச்மேன் என் புத்தம்புது செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். தெரிந்த ஆள்தானே என்று பையைப் பார்க்கவில்லை. சரக்கு அறைக்கு முன்னால் முதலாளி, போர்மேன், லோடுமேன்கள் எல்லோரும் எனக்காகவே நின்றிருந்தார்கள். எண்ணெய் விட்டேன், சாவியை ஆட்டினேன், பிஸ்மி சொல்லித் திருகினேன். பல வருடக் கிரீஸ் உள்ளே கல்லாக இறுகியிருக்க வேண்டும். பூட்டு அசையவில்லை. சரி, ஆண்பிள்ளை வேலையைக் காட்டுவோம் என்று பையிலிருந்து ஆக்ஸா பிளேடை உருவினேன்.

“ஏலே!” என்று கத்தினார் மாரிமுத்து அண்ணன். (அதுவரை நான் ‘தம்பி’, ‘வாங்க’.) “ரம்பத்தைக் கீழ வையிலே! மெதுவா வையி! இரும்புல உரசினாப் பொறி பறக்கும். உள்ள என்ன புளியா இருக்கு?”

லோடுமேன்கள் லாரிக்குப் பின்னால் போயிருந்தார்கள். முதலாளி அவர்களுக்கும் பின்னால். நான் தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இடுவதுபோல ரம்பத்தை மணலில் வைத்தேன். துபாய் கண்ணில் தெரிந்தது.

அப்போது பேக்கிங்கில் வேலை செய்யும் பேச்சியம்மாக்கா, கையில் ஒரு பித்தளைத் தகட்டோடு வந்தார். “பூட்டையா திறக்கச் சொன்னாக? கதவைத்தானே திறக்கச் சொன்னாக?” என்று கேட்டுக்கொண்டே, தகட்டின் நுனியால் நான் போட்ட நாலு திருகாணிகளையும் கழற்றினார். கொண்டியோடு பூட்டு அவர் கைக்கு வந்தது. கதவு திறந்துகொண்டது. ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நோட்டீஸில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. வெடி, ரம்பம், கள்ளச்சாவி என்று எல்லாவற்றையும் பேசியவர்கள், பூட்டு எதில் தொங்குகிறது என்பதை மட்டும் பேசவில்லை. திருடன் பூட்டோடுதான் மல்லுக்கு நிற்பான் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள், நானும்தான்.

முதலாளி மெதுவாகக் கேட்டார். “அப்போ ஒரு மாசமா என் சரக்கு நாலு திருகாணியிலயா தொங்கிச்சு?”

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. “ஆமாங்க. எல்லா ரூமுக்கும் கொண்டியை மாத்தணும். போல்ட் போட்டு, உள்பக்கமா நட்டு முறுக்கித் தர்றேன். பூட்டும் புதுச் சரக்கு.”

மாரிமுத்து அண்ணன்தான் முதலில் சிரித்தார். “மொதலாளி, தப்பையும் இவனே பண்ணுதான், அதுக்கு ஆர்டரையும் இவனே கேக்கான்!”

ஆர்டர் கிடைத்தது. ஒவ்வொரு கொண்டியையும் பேச்சியம்மாக்கா இழுத்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. கடையும் எனக்கே வந்தது. பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூடப் படாமல் காலாவதியானது.

பிறகு என் நிக்காஹ் வந்தது. அத்தா பெண் வீட்டாரிடம் என் பெருமையை அளந்துகொண்டிருந்தார். விருந்துக்கு வந்திருந்த மாரிமுத்து அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். “பூட்டு பளபளன்னுதான் இருக்கு பாய். கொண்டியை யாராச்சும் இழுத்துப் பாத்தீகளா?” என்று பெண் வீட்டாரைப் பார்த்துச் சபையில் கேட்டுவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருந்தார்கள்; மணப்பெண்ணும் இருந்தாள். விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து நான் எதைப் பற்றிப் பெருமையடித்தாலும் அவள் வாய் திறப்பதில்லை. எதையாவது பிடித்து ஓர் இழுப்பு, அவ்வளவுதான். பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இதை எழுதி முடித்ததும், “இதைப் படிச்சுட்டுச் சிரிக்காதவங்களே இருக்க முடியாது” என்று சொல்லி அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். கடைசி வரி வரை பொறுமையாகப் படித்தாள். பிறகு காகிதத்தின் முனையை இரண்டு விரலால் பிடித்து, ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.