நாய்க்கூண்டின் மேல் வைத்து எழுதியது

அன்பில் குறையாத தங்கச்சிக்கு, உன் அண்ணன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. சொந்தக் கையால் என்பதை இன்னொரு முறை படித்துக்கொள். கிடங்கில் மூட்டை தூக்கிய காலமெல்லாம் சம்பளத்துக்குக் கட்டை விரலை மையில் அமுக்கியவன், "கைநாட்டு அண்ணன்" என்று நீ கேலி செய்தவன், மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு இதை எழுதுகிறேன். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தால் அது நான் எழுதும் பலகையின் குற்றம்.

இங்கே நான், உன் மருமகன், அவன் மனைவி மூவரும் நலம். நாய் மிகவும் நலம். பக்கத்து வீட்டு நர்ஸம்மா மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நாய். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ வேன் பிடித்து வந்து அதைக் கூட்டிப் போகச் சம்மதித்தாய் என்று மகன் சொன்னான். சந்தோஷம். ஆனால் வாங்குகிற சரக்கைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம் அல்லவா, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நாயை நாங்கள் மேனேஜர் என்று கூப்பிடுகிறோம். காலையில் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்து, பை, செருப்பு, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் மோந்து பார்த்து அனுப்புவதால் அந்தப் பதவி. குட்டியாக இருந்தபோது பகலில் வீட்டுக்குள்ளேதான் விட்டுப் போனார்கள். அது சோபாவின் ஒரு காலைத் தின்றது. சோபா சாய்ந்தது, அதில் உட்கார்ந்திருந்த நானும் சாய்ந்தேன். அப்பாவையும் நாயையும் ஒரே கூரைக்குக் கீழே விட்டுப் போனால் யார் யாருக்குக் காவல் என்று மகனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உடனே தச்சரைக் கூப்பிட்டுக் கொல்லையில் ஒரு கூண்டு செய்யச் சொன்னான். குட்டியை நிற்க வைத்து அளவெடுத்தார்கள். தச்சர் வேறு வேலைகளை முடித்துவிட்டு நிதானமாகக் கூண்டைக் கொண்டுவருவதற்குள் மேனேஜர் வளர்ந்துவிட்டது. தலை உள்ளே போயிற்று, மற்றதெல்லாம் வெளியே நின்றது. மகன் கோபப்பட்டான். "நீங்க குடுத்த அளவுக்குத்தான் செஞ்சேன். கூண்டு சரியாத்தான் இருக்கு, நாய்தான் தப்பா இருக்கு" என்று தச்சர் சொல்லிவிட்டார். ஆனாலும் ரோஷக்காரர். இரண்டாவது முறை செய்தாரே ஒரு கூண்டு! "இனிமே நீங்க கன்னுக்குட்டி வளர்த்தாலும் என்னைக் கூப்பிட வேணாம்" என்று சொல்லி இறக்கினார். தட்டையான பலகைக் கூரை, மழைத்தண்ணீர் புகாத தரை, காற்று வர ஓட்டை. என் அறையில் அந்த ஓட்டை கிடையாது.

இவ்வளவு செய்தும் மேனேஜர் உள்ளே போகவில்லை. கூண்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, மகனுடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் தொடங்கும். சாயங்காலம் அதே வண்டி அதே முனையில் திரும்பும்வரை குரைப்புத்தான். நாய் டாக்டரிடம் போனில் கேட்டார்கள். "குரைக்கிறப்ப போய்ப் பார்க்காதீங்க. குரைச்சா ஆள் வரும்னு பழகிடும்" என்றார். அதனால் நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். சொந்த வீட்டில் திருடன் மாதிரி. திரை அசைந்தால் அதற்கும் ஒரு குரைப்பு.

மருமகள் ஒரு யோசனை சொன்னாள். "மாமா, அவரோட பழைய சட்டை ஒண்ணைக் கூண்டுக்குள்ள போடுங்க. வாசனைக்கு அமைதியா இருக்கும்." நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டேன். நல்ல பலன். பாதிப் பகல் சத்தமே இல்லை. மேனேஜர் மென்றுகொண்டிருந்தது. மகன் வந்து காலரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, "அப்பா, நாளைக்கு மீட்டிங்குக்குத் தேய்ச்சு வெச்ச புதுச் சட்டைப்பா! இதுவா பழசு?" என்றான். "இப்ப பழசுதானேடா" என்றேன்.

அப்புறம் என் ரேடியோவைக் கூண்டின் மேல் வைத்தேன். செய்தி வாசிக்கும்வரை காதைத் தூக்கி மரியாதையாகக் கேட்டது. பாட்டு வந்ததும் கூடவே பாடத் தொடங்கியது. நர்ஸம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. "மாமா, நாய் குரைச்சா நடுவுல மூச்சாவது விடும். ரேடியோ அதுகூட விடலை. ராத்திரி முழுக்க வார்டுல நிக்கிறேன், பகல்லதானே தூங்க முடியும்? நேத்து ஊசியோட தப்பான கட்டிலுக்குப் போயிட்டேன். நல்லவேளை, எனக்கு இல்லம்மான்னு அந்த ஆளே சொன்னாரு" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் நாங்களும் போட்டிருப்போம். அவள் அழுதுவிட்டாள். அன்றைக்குத்தான் மகன் உனக்குப் போன் செய்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் வேலை ஓடவில்லை. மருமகள் குட்டியிலிருந்து பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தவள். அதன் தட்டைக் கழுவிக் கழுவி வைக்கிறாள், சுத்தமான தட்டை. மகன் சங்கிலியைத் தேடுவதாகச் சொல்லிக் கொல்லையில் நின்றுகொண்டே இருக்கிறான். சங்கிலி அவன் தோளில்தான் தொங்குகிறது. எனக்கு ஒன்றும் இல்லை. நாய் போனால் நிம்மதியாகப் பாடம் படிக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கத்தானே வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதினேன் என்று எண்ணிவிடாதே. வீட்டு மேஜையை மகனுடைய கம்ப்யூட்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் தினமும் காலையில், அவர்கள் கிளம்பும் முன்பே, ஒரு முக்காலியைக் கொல்லையில் போட்டுக்கொண்டு கூண்டின் கூரைமேல் தாளை வைத்துச் சாயங்காலம்வரை எழுதுகிறேன். எழுதும் எழுத்தை வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மெதுவாகப் போகிறது. மேனேஜர் உள்ளே படுத்துக் குறட்டை விடுகிறது. தலைக்கு மேலே தன் குற்றப்பத்திரிகை தயாராவது தெரியாத பிராணி.

மற்றபடி அது நல்ல ஜாதி. யாரையும் கடிக்காது. இடியென்றால் பயம். நீ வரும்போது இடி இல்லாத நாளாகப் பார்த்து வா. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகட்டும். அப்படி ஆகாவிட்டாலும் கவலையில்லை, என் வயதில்கூடத் தொடங்கலாம். நீ நீண்ட காலம் சிரித்த முகமாய் இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்
(கையெழுத்து. கைநாட்டு இல்லை.)

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும் நேரத்தில் நர்ஸம்மா வேலியோரம் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "என்ன மாமா, நாயை அனுப்பிட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே? ஒரு வாரமா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். ஆனா பாவமாவும் இருக்கு" என்றாள். நான் பேனாவால் கூண்டுக்குள் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து, அவளை மோந்துவிட்டு, மறுபடியும் தூங்கிவிட்டது. "குரைக்கவே இல்லையே! என்ன மருந்து குடுத்தீங்க?" என்றாள். நானும் அப்போதுதான் யோசித்தேன். இந்தக் கடிதத்தைத் தொடங்கிய காலையிலிருந்து அது குரைக்கவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து ஏதாவது முனகிக்கொண்டிருந்தால் போதுமாம் அதற்கு. சாயங்காலம் சொன்னேன். மருமகள் தட்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டு அதில் சோறு போட்டாள். மகன் மட்டும், "சரிப்பா, கடுதாசி முடிஞ்சுபோச்சே, நாளைக்கு என்ன பண்றது?" என்று கேட்டான்.

ஆகையால் தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை வேன் வேண்டாம். வர வேண்டாம். அதற்குப் பதிலாக இதைப் படித்த கையோடு எனக்குக் கடிதம் போடு. மாப்பிள்ளையின் முழங்கால் வலி, மாடிக் குழாய் ஒழுகுவது, சம்பந்தியோடு நடக்கும் சண்டை, ஒன்றையும் விடாதே. நிறையக் கேள்வி கேள். நான் ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பதில் எழுத வேண்டும். போனில் பேசிக் கெடுத்துவிடாதே. சுருக்கமாகவும் எழுதிவிடாதே. நாய் இந்த வீட்டில் தங்குவது இனி உன் கேள்விகளில்தான் இருக்கிறது.