கிளவ்ஸ் அண்ணையின் போன்

போனை எப்போது எடுப்பது, எப்போது தொடாமல் இருப்பது என்று தெரிந்த ஒரே தமிழன், இந்த ரொறன்ரோவிலேயே எங்கள் கிளவ்ஸ் அண்ணைதான். மறுக்கிறவர்கள் முதலில் தங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.

அண்ணை பிறவியிலேயே அப்படி இல்லை. வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த மாதங்களில், இங்கே டோர்செட் பார்க் என்கிற பகுதியில் அவரும் ராசனும் நானும் ஒரே அப்பார்ட்மென்ட்டில் இருந்தோம். இன்டர்நெட் பார்க்கிற போன் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து மனுஷன் நிமிரவேயில்லை. செய்தி, செய்தி, செய்தி! மீன்குழம்புக்கு உப்பென்று சீனியைக் கொட்டினார். ஒருநாள் போனைப் பார்த்தபடியே லிப்டில் எங்கள் மாடிக்குக் கீழ்மாடியில் இறங்கி, திறந்து கிடந்த வீட்டுக்குள் போய், சோபாவில் இருந்து, "ராசன், தேத்தண்ணி போடடா" என்றார். அது ஒரு குஜராத்திக் குடும்பத்தின் வீடு. பாவம், அவர்களும் போட்டுக் கொடுத்தார்கள். குடித்து முடித்த பிறகுதான் அண்ணைக்கு இஞ்சி மணத்தது.

சிரித்தோம். ஆனால் காரணம் எங்களுக்குத் தெரியும். அவருடைய ஒரே தங்கச்சி வன்னியில் அகப்பட்டிருந்தாள். கடைசியாகப் பேசியபோது சொன்னாளாம்: "அண்ணா, ஆரின்ரையாவது போன் கிடைச்சா ஒருக்கா அடிச்சிட்டுக் கட் பண்ணுவன். இருக்கிறன் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ." ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. அந்த ஒரு மிஸ்ட் கோலுக்காகத்தான் அண்ணை உயிரை வைத்திருந்தார்.

பற்றரியில் சார்ஜ் நிற்கவில்லை என்று போன் கடைக்குப் போனபோது கடைக்காரப் பெடியன் சொன்னான்: "அண்ணை, உந்தப் போனில நெட் பாத்துக்கொண்டிருந்தால் சிலவேளை கோல் உள்ள வராது."

அண்ணையின் முகம் செத்துவிட்டது. "அப்ப, நான் பாத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம்...?"

அவனுக்கு என்ன விளங்கும்? நாங்கள் அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

அன்றே சமையலறை ஜன்னலோரம் ஒரு ஆணி அறைந்தார். குளிருக்குப் போடும் பழைய சிவப்புக் கம்பளிக் கிளவ்ஸ் ஒன்றை அதில் தொங்கவிட்டு, போனை அதற்குள் வைத்தார். மணிச்சத்தம் உச்சத்தில். தேத்தண்ணிக்குக் கேத்திலில் தண்ணி கொதிக்கிற நேரம் மட்டும் செய்தி. கேத்தில் சத்தம் போட்டதும் போன் கிளவ்ஸுக்குள் போய்விடும். அந்த நம்பருக்கு நாங்கள் எவரும் அடிக்கக் கூடாது. கிரெடிட் கார்ட் விற்கக் கூப்பிட்ட வெள்ளைக்காரிக்கும் பச்சைத் தமிழில்தான் பேச்சு விழுந்தது: "வையும் போனை! இது என்ரை தங்கச்சின்ரை லைன்!"

போர் முடிந்துவிட்டது என்று டிவி சொன்ன அன்று அண்ணை கேத்திலை வைத்தார். தண்ணி கொதித்தது. போனை எடுக்கவில்லை.

"பாருங்கோ அண்ணை, பேர் விவரம் ஏதும் போட்டிருப்பாங்கள்" என்றான் ராசன்.

"வேண்டாமடா. நான் பாக்கிற நேரம் பாத்து அடிச்சிட்டாள் எண்டால்?"

மூன்று பேரும் அந்தக் கிளவ்ஸைப் பார்த்தபடி நின்றோம். தேத்தண்ணி குடிக்கவில்லை. போன் அடிக்கவுமில்லை.

அண்ணை இப்போது ரொறன்ரோவின் இன்னொரு மூலையில், மல்வேர்னில் இருக்கிறார். போன் நாலைந்து மாறிவிட்டது. நம்பர் மாறவில்லை. கிளவ்ஸும் அதேதான், பெருவிரலில் ஓட்டை. இப்போதைய போன்களில் நெட் பார்த்தாலும் கோல் வரும் என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். "ஓம், ஓம்" என்பார். கேத்தில் சத்தம் போட்டால் போனைக் கிளவ்ஸுக்குள் வைக்க எழும்பிப் போய்விடுவார்.

அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அவரோடு கதைக்க ஆசை வந்தால், பனியென்றாலும் மழையென்றாலும், நான் பஸ் ஏறிப் போய்க் கதவைத்தான் தட்டுகிறேன்.